ஒழுகாத வீடு

“ஆபீசரு வந்து, வீடு ஒழுகுதானு கேட்டா இன்னா சொல்லுவே?”

“இல்லீங்க ஐயானு சொல்லுவேன்.”

“ஆங், அதான். குறை சொன்னியோ, போட்ட ஓடு அத்தனையும் பிரிச்சி எடுத்துகினு பூடுவாங்க. ஓவர்சீயர் கண்டிசனா சொல்லிட்டாரு.”

பக்கத்து வீட்டுத் துளசிங்கம் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். ஞானம்மாள் அதை இன்னொரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

திருத்தணி ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று பெரிய மனிதர்கள் வழக்காடிக்கொண்டிருந்த வருஷம் அது. எந்த சர்க்காராக இருந்தால் என்ன? போன புயலில் மலையடிவாரத்தில் கூரை பறந்த பதினாறு வீடுகளை சர்க்கார் பணத்தில் பழுதுபார்த்து, ஓடும் வேய்ந்து கொடுத்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து ஓலையைத் தவிர வேறொன்றும் அறியாத ஞானம்மாள், நாளுக்குப் பத்துத் தரம் அண்ணாந்து பார்த்துக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

கூடத்து நடுவில் மட்டும் ஒழுகியது. அதனால் என்ன, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பார்கள்? மகள் கிரேஸுக்கு வேறு இது ஒன்பதாம் மாதம். உள்ள ஓடும் போய்விட்டால் பச்சைப் பிள்ளையை எங்கே கிடத்துவது?

சொட்டு விழுந்து விழுந்து தரையில் குழியாகியிருந்தது. துளசிங்கம் வீட்டு நாற்காலியை இரவல் வாங்கி, அதன் மேல் போட்டு மறைத்தாள்.

வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று மதிப்பிட சித்தூரிலிருந்து வந்த அதிகாரி சேஷகிரி, நேரே போய் அதில் உட்கார்ந்தார். ஐப்பசி மழையும் அதற்கென்றே காத்திருந்ததுபோலப் பிடித்துக்கொண்டது.

“ஏம்மா, வீடு ஒழுகுதா?”

“இல்லீங்க ஐயா.”

சொல்லி வாய் மூடவில்லை. அவருடைய வழுக்கையின் நடுவில் சொட்டென்று ஒன்று விழுந்தது.

கிரேஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரோ அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

“சுவரெல்லாம் எப்படி?”

“நல்லாக்கீதுங்க.”

இன்னொரு சொட்டு.

“கதவு?”

“அதுவும் நல்லாக்கீதுங்க. ஐயா, கொஞ்சம் இப்படித் தள்ளி உட்காருங்களேன்.”

“ஏம்மா, இங்கே என்ன?”

“ஒண்ணுமில்லீங்க!”

கேள்விகள் முடிந்தன. மனிதர் எழுந்திருக்கிற வழியாக இல்லை. நோட்டில் கோடு கோடாக என்னவோ கிழித்துக்கொண்டே இருந்தார். காதோரம் தண்ணீர் வழிந்து சட்டைக் காலர் நனைந்தது. ஞானம்மாளுக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

“பொண்ணுக்கு எத்தனை மாசம்?”

“ஒம்பதுங்க.”

அரை மணி கழித்து எழுந்தார். தலையைத் துடைத்துக்கொண்டார்.

“நல்ல வீடும்மா. பத்திரமா இருங்க.”

அவர் தெருமுனை திரும்பியதும் துளசிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தலையில தண்ணி ஊத்தினாகூடத் தெரியல! இவருதான் வீடு நல்லாக்கீதானு பாக்க வந்த ஆபீசரு!”

தெருவே சிரித்தது. ஞானம்மாளும் சிரித்தாள். ஒன்றும் தெரியாத முட்டாளை அனுப்பித் தன்னைக் காப்பாற்றிய ஆண்டவருக்கு மனதார நன்றி சொன்னாள்.

நாலாம் நாள் ஓவர்சீயர் வந்தார். கூடவே ஏணியும் இரண்டு ஆட்களும்.

“ஐயோ, நான் ஒழுகுதுனு சொல்லவே இல்லீங்க! ஓட்டைப் பிரிச்சிடாதீங்க!”

“பிரிக்கலம்மா.” ஓவர்சீயர் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் இருந்தது. “காண்ட்ராக்டர் தன் செலவுல பதினாறு வீட்டுக் கூரையையும் சரி பண்ணிக் குடுக்கணுமாம். புள்ளத்தாச்சி வீட்டை மொதல்ல முடிக்கணுமாம். மேலேர்ந்து உத்தரவு.”

ஞானம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கைகூப்பினாள்.

“எங்களுக்கு வாய் வரல. எந்தப் புண்ணியவான் தைரியமா சொன்னாரோ, அவரு புள்ள குட்டியோட நல்லா இருக்கணும்!”

“யாரும் சொல்லல. அந்த சேஷகிரிதான் எழுதிட்டாரு. கேளு.”

ஓவர்சீயர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார்:

“‘வீட்டார் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் அமர்ந்திருந்த அரை மணி நேரத்தில், என் தலையில் விழுந்தவை இருநூற்றுப் பதினேழு சொட்டுகள்.’”