இரண்டு கை மரியாதை

பேர்பெற்ற தளபதி ஒருவரின் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கிகள் தொங்கின. சண்டை வந்தால் அவர் கை வலப்பக்கத்தைத்தான் தேடிப் போகும். இடப்பக்கத்துத் துப்பாக்கிக்கு வயிறு எரியும்.

"உனக்கென்னப்பா, செல்லப்பிள்ளை! என்னை ஒருநாளாவது கையில எடுத்தாரா?"

"சுட்டுச் சுட்டு என் வாயே வெந்து கிடக்கு. நீ வேற!" என்றது வலது.

கடைசியில் தளபதி தோற்றார். வெள்ளைக் கொடியோடு எதிரித் தளபதியின் கூடாரத்துக்குப் போனார். வலதை உருவி, தலைகுனிந்து, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார்.

"பார்த்தியா ஓரவஞ்சனையை! அதுக்கு மட்டும் இரண்டு கை மரியாதை!" என்று இடது பொருமியது.

எதிரி அவர் இடுப்பைக் காட்டினான். "அதையும்."

தளபதியின் கை இடப்பக்கம் வந்தது.

"அப்பாடா! இப்பவாவது என் அருமை தெரிஞ்சுதே!" என்றது இடது.