பிடித்த கை

"பால்மாரிஸ் லாங்கஸ். எங்கே, தொட்டுக் காட்டும்மா!"

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பச்சைத் திரையின் இடுக்கு வழியே ஓர் ஆண் கை மட்டும் மேசைமேல் நீண்டிருந்தது. ஆளின் முகம் தெரிந்தால் மாணவர்கள் கையைப் பார்ப்பதில்லை என்பது அவர் கட்சி.

வழக்கமாக வருகிற ஆள் அன்று வரவில்லை. வராந்தாவில் வேலையாயிருந்த யாரையோ உதவியாளர் இழுத்துவந்து, "நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது" என்று உட்காரவைத்திருந்தார்.

பிசியோதெரபி மாணவிக்கு வியர்த்தது. போன தடவை இதே தேர்வில் கோட்டை விட்டவள். இதுவும் போனால் படிப்புக்கே முழுக்குப் போட வேண்டியதுதான். போதாக்குறைக்கு, வீட்டில் எவ்வளவு பயிற்சி செய்தும் பிடிபடாத தசை இது ஒன்றுதான்.

கையைப் பிடித்தாள். ஏனோ பயம் சட்டென்று விலகியது.

"கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வைங்க. அப்படியே மணிக்கட்டை மடக்குங்க."

கை மடங்கியது. இந்நேரம் மணிக்கட்டின் நடுவே கயிறு மாதிரி ஒரு நாண் புடைத்திருக்க வேண்டும். ஒன்றையும் காணோம்.

"இந்தக் கையில அந்தத் தசையே இல்ல சார்."

"இல்லையா? உனக்கு முன்னாடி வந்தவங்க கோடு போட்டுக் காட்டிட்டுப் போயிருக்காங்களே!"

நீலப் பேனாக் கோடுகள் ஆளுக்கொரு இடத்தில் ஓடின.

"பயத்துல போட்டிருப்பாங்க சார். சில பேருக்குப் பிறவியிலேயே இது இருக்காது. இல்லாட்டியும் பிடியில குறை ஒண்ணும் வராது."

"யோசிச்சுச் சொல்லு. பெயிலானா என்னைத் திட்டக் கூடாது."

"இல்லாததை எப்படி சார் இருக்குன்னு சொல்றது?"

"சபாஷ்!" மேசையைத் தட்டினார் தேர்வாளர். "வந்து உட்கார்ந்ததுமே நானே மடக்கிப் பார்த்து, தசை இல்லைன்னு தெரிஞ்சுதான் இந்தக் கையை வச்சுக்கிட்டேன். கோடு போடாத முதல் ஆள் நீதான். பாஸ்!"

அவளுக்கு அங்கேயே துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"சும்மா கேக்கறேன், இவரோட இன்னொரு கையில?"

"அதுலயும் இல்ல சார்."

தேர்வாளர் நிமிர்ந்தார். இன்னொரு கை திரைக்கு அந்தப் பக்கம் அல்லவா இருந்தது!

"பார்க்காமலே சொல்றியே! சரி, கெண்டைக்கால்ல பிளாண்டாரிஸ்னு நூல் மாதிரி ஒண்ணு உண்டே, அதுவும் சிலருக்கு இருக்காது. அது எப்படி?"

"அது சதைக்கு உள்ள ஆழமா இருக்கு சார், தொட்டுச் சொல்ல முடியாது. அதோட, இவர் காலைத் தொட்டா கூச்சத்துல கத்தி ஊரைக் கூட்டிடுவார்."

திரைக்குப் பின்னால் அடக்கிய சிரிப்பு ஒன்று பீறிட்டது.

"என்னம்மா இது, கையைப் பிடிச்சதும் ஜோசியமெல்லாம் சொல்றே?"

திரை விலகியது. சட்டைப் பையில் டெஸ்டரோடு கல்லூரி எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்து, "இப்ப வாயைத் திறக்கலாமா சார்?" என்றான்.

மாணவிக்கு முகமெல்லாம் சிவந்தது. "ஒரு வாரமா வீட்டுல நான் தேடித் தேடி அழுத கை சார் இது. இவர்தான் நான் கைப்பிடிச்சவர்!"