பாலத்தில் இழுக்காத வண்டி

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு டர்போ இரண்டடி தள்ளி நின்றான், எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற பெரிய டாக்டர் மாதிரி.

டர்போ என்பது அவனே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். வாசல் போர்டில் அந்தப் பெயருக்குக் கீழே ‘பெர்ஃபார்மன்ஸ் நிபுணர்’ என்று இருந்தது. அதற்கும் கீழே பாய்கிற நிலையில் ஒரு சிறுத்தை. நிபுணர் வீட்டுக்குப் போவதென்னவோ மொபெட்டில்தான்.

“முதல்ல எஞ்சினோட மூளையைத் தொட்டுடுவோம் சார். ரீமேப். அப்புறம் இது வண்டியே இல்ல, ஏவுகணை.”

கண்ணாடிக் கடைக்காரர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு எஞ்சினைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி. ஏவுகணையாகிற வயதைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது.

“பாலத்து ஏத்தத்துல இழுக்குமா?”

“பாலமா? மலையே ஏறும் சார்!”

அவருக்கு மலை வேண்டாம். பாலம் போதும். வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அது ஒன்றுதான் வழி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மனைவி பின் சீட்டில் படுத்திருக்கும்போது வண்டி அந்த ஏற்றத்தில் திணறக் கூடாது. அவளை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான்.

போன தடவை பாதி ஏற்றத்திலேயே வண்டிக்கு மூச்சு வாங்கிவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வசதி கிடையாது. எதை முதலில் மாற்றுவது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் மச்சானும் கூட வந்திருந்தான். மனைவியின் தம்பி. கார் பற்றி அவன் படித்த படிப்பெல்லாம் போனில் பார்த்த வீடியோ.

“மாமா, சைலன்சரை மாத்துங்க முதல்ல. சும்மா கிர்ர்னு உறுமணும். ரோடே திரும்பிப் பாக்கணும்.”

“பாலத்துல எல்லாரும் திரும்பித்தான் பாத்தாங்க, மாப்ள.”

மச்சான் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த அலாய் வீல் ஒன்றின் முன்னால் போய்க் குனிந்து உட்கார்ந்துகொண்டான்.

டர்போ விடுவதாக இல்லை. பக்கத்தில் நின்ற சிவப்பு வண்டியில் ஏறி ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான். தகரக் கூரை அதிர்ந்தது. மேஜையிலிருந்து ஸ்பேனர் ஒன்று தானாக இறங்கிக் கீழே விழுந்தது.

“எப்படி சார்?”

“பின் சீட்ல படுத்திருக்கறவங்களுக்குக் குலுக்குமா?”

டர்போ எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

அவனிடம் வருகிறவர்கள் டிக்கி மேல் இறக்கை மாதிரி ஸ்பாய்லர் கேட்பார்கள். அடியில் எரிகிற நீல விளக்கு கேட்பார்கள். கதவு மேல் பக்கமாகத் திறக்க வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்து, பிறகு தன் வீட்டு ஷெட்டுக்குள் கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். படுத்திருக்கிறவர்களைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.

“அப்போ பிரேக்கை முதல்ல மாத்திடலாம் சார். தொட்டா நிக்கும்.”

“டக்குனு நின்னா அவ சீட்லேர்ந்து உருண்டு விழுந்துடுவா.”

“பெரிய டயர்?”

“ஏத்தத்துல இன்னும் கனமா இருக்காதா?”

தன் கடையில் கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா என்று கேட்கிறவர் அவர். இன்று நாற்காலியில் அவரை உட்கார வைத்தாகிவிட்டது. எதைப் போட்டாலும் எழுத்து தெரியவில்லை.

டர்போ மச்சானைத் திரும்பிப் பார்த்தான், ஒரு வார்த்தை சொல்லேன் என்பதுபோல. மச்சான் அந்தச் சக்கரத்தின் ஒரே ஒரு நட்டுத் துளையை விரலால் தடவிக்கொண்டிருந்தான். சொந்த அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, இவனுக்கு அலாய் வீல் கேட்கிறது என்று டர்போ மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டான்.

கடைசியில் நிபுணத்துவத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, மெக்கானிக்காகப் பேசினான்.

“சார், அப்போ சஸ்பென்ஷன்தான் முதல்ல. பின்பக்க ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்திடறேன். பள்ளம் மேடு எதுவும் அவங்களுக்குத் தெரியாது. எஞ்சினை அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

கண்ணாடிக் கடைக்காரர் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. “சரி. அதையே முதல்ல பண்ணிடு.”

“ஆனா ஸ்பிரிங்கை அவங்க கனத்துக்குத்தான் செட் பண்ணணும். மேடத்தை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. பின்னால படுக்க வெச்சே பாத்துடலாம்.”

அவர் பானெட் விளிம்பில் ஒட்டியிருந்த மசியை நகத்தால் சுரண்டினார்.

“வர முடியாதுன்னா பரவால்ல சார். வெயிட் சொல்லுங்க, போதும். சுமாரா எவ்ளோ இருப்பாங்க?”

ஊரில் பாதிப் பேருடைய கண்ணாடி பவரைப் புள்ளி விலகாமல் சொல்லக்கூடியவர், இதற்கு நின்று யோசித்தார். கை தானாகப் போய் வலது தோளைத் தொட்டுப் பார்த்தது.

“நாலு பேர்தான் தூக்கினோம்” என்றார். “என் பக்கம் கனமே தெரியல.”