ஐயாயிரம் வாலா

விழுப்புரத்தில் ஓட்டு எண்ணி முடித்துவிட்டார்கள், ஆட்சி மாறிவிட்டது. கூட்டேரிப்பட்டில் தோற்ற கட்சியின் கொட்டகையில் கிளைச் செயலாளர் சவுரிராயன் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். தலைவருக்கே இல்லாத நம்பிக்கையோடு அவர் முந்தாநாளே திண்டிவனத்தில் வாங்கிய ஐயாயிரம் வாலா மடியில் கனக்கிறது. வெயிலில் எதிர்க்கட்சித் துண்டோடு தங்கை ஜெசிந்தாவின் புருஷன் சகாயராஜ் வந்து நிற்கிறான். பிரச்சாரம் தொடங்கியதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. "மச்சான், ஜெயிப்போம்னு எங்களுக்கே தெரியாது. வெடி வாங்கல. கடையிலயும் தீந்துபோச்சு." சவுரிராயன் சிவப்புக் காகிதத்தைத் தடவுகிறார், மருந்துத்தூள் விரலில் ஒட்டுகிறது. "இரு மாப்ளே, எங்க தலைவர் படத்த உரிச்சிக்கினு தரேன்." வெடிக்கட்டின் மேல் தான் ஒட்டிய படத்தை நகத்தால் சுரண்டி, கிழியாமல் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். பிறகு வெடியை நீட்டுகிறார். "தள்ளி நின்னு கொளுத்து. உனக்கு ஒண்ணுன்னா ஜெசிந்தா என்னத்தான் கேக்கும்."