மிம்ஸுக்கு வந்த வாழ்வு

"பாத்தியா? மறுபடியும் அந்த மிம்ஸ்தான்!"

லண்டனில் எங்கள் நாடக அரங்குக்கு எதிரே உள்ள மதுக்கடையில், நடிகர் லாரிமர் பத்திரிகையை மேஜையில் அறைந்தார். நான் அவருக்கு மேடை உடை மாட்டிவிடுபவன்.

"முதல் காட்சியில நீதிபதியா நின்னு தொண்டை கிழியக் கத்துறேன். விமர்சனத்துல என்னைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. கடைசிக் காட்சியில குடிகாரனா தள்ளாடுற மிம்ஸுக்கு அரைப் பக்கமாம்!"

"விடுங்க சார், பீரைக் குடிங்க."

"ராஜா, பாதிரி, கொலைகாரன்னு நான் போடாத வேஷமில்ல. ஒருத்தனுக்கும் என் மூஞ்சி ஞாபகமில்ல. மிம்ஸுங்கிற பேரைப் போன மாசம் வரைக்கும் எவனாவது கேட்டிருக்கானா?"

அப்போது சினிமா இயக்குநர் ஹார்கிரீவ் உள்ளே வந்தார். அவரிடம் ஒரு வேடத்துக்காக சார் நாயாய் அலைந்துகொண்டிருந்தார்.

"லாரிமர், என் படத்துக்குக் கதாநாயகன் கிடைச்சாச்சு. உங்க மிம்ஸ்தான்! ஆளை எங்க பிடிக்கலாம்?"

சார் எழுந்து அவர் காதில் ஏதோ சொன்னார். ஹார்கிரீவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பொறாமைக்கும் ஒரு அளவு வேணும்யா! உன் நடிப்பு எனக்குத் தெரியாதா? மிம்ஸ்கிட்ட போய்க் கத்துக்கோ."

அவர் போனதும் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரே நடிகர் இரண்டு வேடம் கட்டினால், இரண்டாவதற்கு ஒரு கற்பனைப் பெயரை அச்சடிப்பது எங்கள் நாடக உலகின் வழக்கம். பாவம், சினிமாக்காரருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

"எழுந்திருங்க சார், நேரமாச்சு," என்றேன். "மிம்ஸோட தாடியை உங்களுக்கு ஒட்டணும்."