சுற்றி நின்றவர்கள்

அரிசி ஆலையில் எலி மருந்து வைத்த வாரத்தில் ஐந்து எலிக்குஞ்சுகள் தாயை இழந்தன. அதே மருந்துக்குக் கூடப்பிறந்தவர்களையெல்லாம் பறிகொடுத்திருந்த மொட்டைவாலி அவர்களைத் தன் வளையில் சேர்த்துக்கொண்டாள். அந்த மருந்தான நீலக் கட்டியின் வாடையை அவர்களுக்குப் பழக்கினாள்.

"யார் கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லணும்" என்றாள்.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் கரிமூக்கன்தான்.

ஒரு நாள் அவன் வாயெல்லாம் நீலமாகத் தள்ளாடி வந்து விழுந்தான்.

"வாடை தெரியலையாடா?"

"தெரிஞ்சுதுக்கா. சாக்கடை எலிங்க என்னைச் சுத்தி நின்னாங்க. 'நாங்க தின்னலையா? பயந்தாங்கொள்ளி'ன்னு சிரிச்சாங்க. வேண்டாம்னு சொல்ல வந்தேன், வாய் வரலை."

தண்ணீர் கேட்டான். அவள் கொண்டுவருவதற்குள் அடங்கிவிட்டான்.

மறுநாள் மொட்டைவாலி வாடையைப் பற்றிப் பேசவில்லை. கடைக்குட்டியை நடுவில் நிறுத்தி, மற்ற மூவரையும் சுற்றி நிற்கச் சொன்னாள்.

"இவளைப் பார்த்துச் சிரிங்க."

"அண்ணன் நேத்துதானே செத்தான்? எப்படிக்கா சிரிக்கிறது?"

"சிரிங்க."

அழுதுகொண்டே சிரித்தார்கள். கடைக்குட்டி நடுங்கினாள். அவள் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல் வரும்வரை மொட்டைவாலி அவர்களை நிறுத்தவிடவில்லை.