கேமராவின் கண்

"எலும்புக்குள்ள போறது நான், பேரு வாங்குறது நீ" என்று ஆபரேஷன் தியேட்டரில் துளைக்கருவி எகிறியது.

வழிகாட்டும் திரை விடுமா? "நான் படம் காட்டலேன்னா எலும்பு எது, நரம்பு எதுன்னு தெரியாம முழிப்பே."

அந்த நேரம் பார்த்து உதவி டாக்டர் தலையை நீட்ட, மூலையில் நின்ற கேமராவுக்குத் துளைக்கருவி மறைந்தது. திரையில் அது இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளியும் காணாமல் போனது. நரம்போ ஒட்டினாற்போல் பக்கத்தில். துளைக்கருவி அலறியது.

"நான் எங்கே இருக்கேன்? சொல்லித் தொலை."

"கேமராவைக் கேளு. அவ பாத்துச் சொன்னாத்தானே நான் காட்டுவேன்."

பெரிய டாக்டர் கையை நிறுத்தி, "தலை, தலை" என்று அதட்டினார். தலை விலகியது, புள்ளி திரும்பியது, நரம்பு தப்பியது.

"பாத்தியா, என்னாலதான்" என்று ஆபரேஷன் முடிந்ததும் இரண்டும் மறுபடி ஆரம்பித்தன.

"அக்காங்களா, அடுத்த ஆளைப் படுக்க வைக்கிறாங்க. எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு, யாராவது துடைச்சுவிடச் சொல்லுங்களேன்" என்றது கேமரா.